மனோதர்மத்தைக் கடைசி ஆண்டுக்குத் தள்ளிவைத்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கலைக்கல்விப் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். இசை, நாடகம், நடனம், கவிதை ஆகியவற்றுக்குப் பாடத்திட்டம் வகுக்கும் பொறுப்பும், அவற்றில் மாணவர் தேறினாரா இல்லையா என்று தீர்மானிக்கும் அதிகாரமும் உங்களிடம் இருக்கின்றன. அந்தப் பொறுப்பின் ஒரு பகுதி நெடுங்காலமாகக் கவனிக்கப்படாமல் இருக்கிறது என்று கருதுவதால் இதை எழுதுகிறேன். முன்கூட்டி எழுதிவைக்காத ஒன்றைக் கேட்போர் முன்னிலையில் அப்போதே உருவாக்கும் ஆற்றல் இசையில் மனோதர்மமாகவும், கவிதையில் ஆசுகவியாகவும், அன்றாட வாழ்வில் சமயோசிதமாகவும் வெளிப்படுகிறது. உங்கள் பாடத்திட்டங்களில் அது பெரும்பாலும் கடைசி ஆண்டுக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. இல்லையென்றால் மாணவரின் இயல்பான திறமையைப் பொறுத்தது என்ற ஒற்றை வரியோடு கைவிடப்பட்டிருக்கிறது. முதல் ஆண்டிலிருந்தே கற்பிக்கக்கூடிய, கற்பிக்க வேண்டிய, முறையாக மதிப்பிடவும் கூடிய பயிற்சி அது என்பதே என் வாதம்.

இன்றைய தேர்வு எதை அளக்கிறது என்று முதலில் பார்ப்போம். மாணவர் ஒரு வர்ணத்தை, அதாவது பயிற்சிக்கான உருப்படி ஒன்றை, இரண்டு காலங்களில் (வேகங்களில்) பிசகில்லாமல் பாடுகிறார்; முழு மதிப்பெண் பெறுகிறார். அதே மாணவரிடம் அதன் பிற்பகுதியான சரண ஸ்வரங்களில் மூன்றாவதன் நடுவிலிருந்து தொடங்கச் சொல்லிப் பாருங்கள். பலர் திகைத்து நிற்பார்கள். சிலர் மனத்துக்குள் முதலிலிருந்து வேகமாக ஓட்டிப் பார்த்து, அந்த இடம் வந்ததும் வாய் திறப்பார்கள். ராகம் அவர்களுக்குத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. பாட்டு வழியாகத் தெரியும். பாட்டை விட்டு இறங்கினால் தெரியாது. இந்த நிலையில் பல ஆண்டுகளைக் கழித்த ஒருவரிடம், பட்ட வகுப்பின் இறுதியில், திடீரென்று ஆலாபனை செய்யச் சொல்கிறோம்; பாட்டும் தாளமும் இல்லாமல் ராகத்தைத் தாமாக விரித்துப் பாடுவது அது. அவர் தான் கேட்ட ஏதோ ஒரு பதிவை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார். தேர்வாளருக்கும் அது புரிகிறது. ஆனாலும் மதிப்பெண் போட்டுவிடுகிறார், ஏனென்றால் வேறு வழியைப் பாடத்திட்டம் அவருக்கும் வைக்கவில்லை.

உடனடிப் படைப்பு என்பது முன்தயாரிப்பு இல்லாதவர்கள் செய்வது, வாய்க்கு வந்ததைச் சொல்வது என்ற எண்ணம் இந்த ஒதுக்கலுக்குப் பின்னால் இருக்கிறது. எதிர்மறையாக, அது சிலருக்கு மட்டும் வாய்க்கும் தெய்வ அருள் என்ற எண்ணமும் இருக்கிறது. இரண்டும் ஒரே முடிவுக்குத்தான் வந்து சேர்கின்றன: கற்பிக்க வேண்டியதில்லை. நம் மொழியின் ஆசுகவி மரபு இரண்டையுமே மறுக்கிறது.

சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரைப் பற்றித் தமிழ்ப் புலவர்களிடையே வழங்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஒரே நேரத்தில் நூறு செய்திகளில் கவனம் செலுத்தும் சதாவதானத்தை 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நிகழ்த்தியவர் அவர். ஓர் அவையில், ‘துருக்கனுக்கு ராமன் துணை’ என்று முடியும்படி வெண்பா பாடச் சொன்னார்களாம். இசுலாமியப் புலவரைச் சற்றே சங்கடத்தில் நிறுத்திப் பார்க்கும் குறும்பு அந்த ஈற்றடியில் இருந்தது. பாவலர் முந்தைய அடியில் ராமனின் தம்பியரை வரிசையாக அழைத்துவந்து, ‘பரத லட்சுமண சத்’ என்று அந்த அடியை முடித்தார். அடுத்து அவர்கள் கொடுத்த ஈற்றடியை ஓர் எழுத்தும் மாற்றாமல் வைத்தார். சத்துருக்கனுக்கு ராமன் துணை என்பதை யார் மறுக்க முடியும்?

இதை வெறும் சாமர்த்தியம் என்று ரசித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்தச் சில நொடிகளில் அவர் மனத்தில் என்ன நடந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். வெண்பாவின் ஈற்றடி முச்சீரால் அமைய வேண்டும். ஏனைய அடிகள் நாற்சீர் கொள்ள வேண்டும். சீருக்குச் சீர் வெண்டளை, அதாவது வெண்பாவுக்கு உரிய ஓசைப் பிணைப்பு, பிறழக் கூடாது. இவற்றை அவர் எண்ணிக்கொண்டிருந்திருந்தால் ‘துருக்கன்’ என்ற சொல்லுக்கு முன்னால் எந்த ஓர் அசையைச் சேர்த்தால் அது வேறு ஆளாக மாறும் என்று தேட மனத்துக்கு நேரமே இருந்திருக்காது. ஆயிரக்கணக்கான வெண்பாக்களைச் சொல்லிச் சொல்லி, யாப்பு தன்னிச்சையாக ஓடும் நிலையை அடைந்திருந்ததால்தான் அவர் கவனம் முழுவதும் அந்த ஒரு சிக்கலின் மேல் நிற்க முடிந்தது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: யாப்பு இல்லாதிருந்தால் இந்த விடையே இல்லை. அடி ஒரு சீரோடு முடிந்து அடுத்த அடி தொடங்கும் இடைவெளி இருப்பதால்தான் ‘சத்’ என்ற அசை அங்கே போய் ஒளிந்துகொள்ள முடிந்தது. கட்டுப்பாடு இங்கே தடையாக நிற்கவில்லை. வழியே அதன் மூலமாகத்தான் திறந்தது.

கருநாடக இசையிலும் இதே அமைப்புதான். நிரவலில் பாடகர் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்கிறார். சொற்கள் தாளத்தில் விழும் இடங்கள் பெரிதும் மாறாமலிருக்க, ராகத்தின் போக்கை மட்டும் ஒவ்வொரு ஆவர்த்தனத்திலும் (தாளச் சுற்றிலும்) புதிதாக வரைகிறார். ஸ்வரங்களை அப்போதே கோத்துப் பாடும் கல்பனாஸ்வரத்தில் எங்கே சுற்றினாலும் எடுப்புக்கு, அதாவது தாளத்தில் வரி தொடங்கும் இடத்துக்கு, வந்து சேர வேண்டும். எந்த ஸ்வரத்தில் வரி தொடங்குகிறதோ அதற்கு இசைவான ஸ்வரத்தில் வந்து இறங்க வேண்டும். எடுப்பு தாளத்தின் தொடக்கமான சமத்தில் இல்லாமல் முக்கால் இடம் தள்ளி இருந்தால் கணக்கு மாறுகிறது. இவ்வளவு இறுக்கமான எல்லைகள் உள்ள ஒன்றை, எல்லைகளைச் சிறிதாக்கி, தொடக்க மாணவருக்கும் கொடுக்க முடியும். அரை ஆவர்த்தனம், முதல் காலம், நான்கே ஸ்வரங்கள், ஒரே எடுப்பு என்று கொடுத்தால், அலங்காரம் என்னும் தொடக்கப் பாடம் முடித்த சிறுவரும் முயன்று பார்க்கலாம். நல்ல ஆசிரியர்கள் பலர் வீட்டு வகுப்புகளில் இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். பாடத்திட்டத்தில் இடமில்லாததால் தேர்வு நெருங்கும் மாதங்களில் அதை நிறுத்திவிடுகிறார்கள்.

மனப்பாடமும் படைப்பும் தனித்தனி அறைகளில் இருப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருப்பதற்கும் அடிப்படை வலுவாக இல்லை. 1930களில் அமெரிக்க அறிஞர் மில்மன் பாரியும் அவருடைய உதவியாளர் ஆல்பர்ட் லார்டும் யுகோஸ்லாவியாவில் குஸ்லே என்னும் வாத்தியத்தை இசைத்தபடி வாய்மொழிக் காவியம் பாடுவோரைப் பதிவு செய்தார்கள். அவர்களில் அவ்தோ மெஜெதோவிச் என்பவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் அதுவரை கேட்டிராத ஒரு கதையை வேறொரு பாடகர் அவர் முன்னிலையில் பாடினார். அது 2,294 அடிகள். கேட்டு முடித்த அவ்தோ அதே கதையைத் தாம் பாடியபோது அது 6,313 அடிகளாக வளர்ந்திருந்தது. இதைவிடவும் வியப்பானது, வேறு சில பாடகர்கள் ஒரு பாடலைச் சொல்லுக்குச் சொல் மாறாமல் திரும்பப் பாடுவதாக மனமார நம்பினார்கள் என்பது. பதிவுகளை ஒப்பிட்டபோது அடிகள் வேறுபட்டிருந்தன. அவர்கள் பொய் சொல்லவில்லை. பழகிய தொடர்களையும் பழகிய காட்சிகளையும் கொண்டு ஒவ்வொரு முறையும் கதையைக் கட்டி எழுப்புவதே அவர்களுக்கு நினைவில் வைத்திருப்பது என்பதன் பொருளாக இருந்தது. அவ்தோவை உங்கள் தேர்வறையில் உட்கார வைத்தால், மூலத்துக்கு மாறாகப் பாடியதற்காக நாலாயிரம் அடிகளுக்கு மதிப்பெண் குறைக்க வேண்டியிருக்கும்.

மேற்கத்திய செவ்வியல் இசையில் எழுதப்பட்ட தாளே வேதம் என்று சிலர் வாதிடுவார்கள். அதுவும் பிற்காலத்து வழக்கம்தான். 1747 மே மாதத்தில் போட்ஸ்டாம் அரண்மனைக்கு வந்த இசையமைப்பாளர் பாக்கிடம் பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரடெரிக் ஓர் இசைக்கருவைக் கொடுத்தார். பாக் அங்கேயே அமர்ந்து அதன் மேல் மூன்று குரல்களில் ஒரு ஃபியூக் வாசித்தார்; ஒரே கருவைப் பல குரல்கள் அடுத்தடுத்து எடுத்துப் பின்னும் வடிவம் அது. ஆறு குரல்களில் கேட்டபோது, அதற்கு இசைவான தம்முடைய வேறொரு கருவைத் தேர்ந்துகொண்டார்; மன்னர் கொடுத்த கருவுக்கு ஆறு குரல் ஃபியூக்கைப் பின்னர் எழுதி அனுப்பினார். எதை உடனே செய்ய முடியும், எதற்கு மேசையும் நேரமும் வேண்டும் என்று பிரித்தறிந்த அந்த விவேகமும் இந்தக் கலையின் பகுதி. அவருக்குப் பின் வந்த காலத்தில் இசைக்குழுவோடு ஒரு வாத்தியம் முன்னின்று வாசிக்கும் கான்செர்ட்டோக்களில், வாத்தியக்காரர் தனியே தம் கற்பனையை வாசிக்க, கடென்சா என்ற ஓர் இடம் விடப்பட்டிருந்தது. 1809இல் தம் ஐந்தாம் பியானோ கான்செர்ட்டோவை எழுதிய பீத்தோவன், அந்த இடத்தில் கடென்சா வாசிக்க வேண்டாம், நேரே அடுத்த பகுதிக்குப் போங்கள் என்று குறித்துவிட்டார். வியன்னாவில் உடனடிப் படைப்புக்குப் பெயர்பெற்றவர் அவர்தான் என்பது இதிலுள்ள வேடிக்கை. பின்வந்த தலைமுறைகள் அந்தக் குறிப்பைப் பொதுவிதியாகவே எடுத்துக்கொண்டன. தேவாலய ஆர்கன் கலைஞர்களிடமும் பின்னாளில் ஜாஸ் கலைஞர்களிடமும் மட்டும் பழைய வழக்கம் உயிரோடு இருந்தது.

கலைக்கு வெளியே இதற்கு என்ன பயன் என்று உங்கள் குழுவில் உள்ள நிர்வாகிகள் கேட்கக்கூடும். உரையாடல் என்பதே இந்த வகைதான். யாரும் அடுத்த வாக்கியத்தை எழுதிவைத்துக்கொண்டு பேசுவதில்லை. ஆனால் அது எல்லோரும் அறிந்தது. ஆபத்தான வேளைகளில் நடந்தவற்றைப் பார்ப்பது கூடுதல் தெளிவு தரும்.

1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவில் பறந்துகொண்டிருந்த யுனைடெட் 232 என்ற டிசி-10 விமானத்தின் வால்புற எஞ்சினில் விசிறித் தட்டு வெடித்துச் சிதறி, விமானத்தைத் திருப்பும் பாகங்களை இயக்கும் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளையும் செயலிழக்கச் செய்தது. மூன்றும் ஒருசேரப் போகும் என்று யாரும் எதிர்பார்க்காததால் கையேட்டில் அதற்கு வழிமுறையே இல்லை. விமானிகளுக்குப் பயிற்சி அளிப்பவரும் அன்று பயணியாக வந்திருந்தவருமான டென்னிஸ் ஃபிட்ச், விமானி அறைக்குள் வந்து, மீதமிருந்த இரு எஞ்சின்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் விமானத்தைத் திருப்ப உதவினார். சூ சிட்டி ஓடுபாதையில் விமானம் நொறுங்கியபோதும், 296 பேரில் 184 பேர் உயிர் பிழைத்தார்கள். செய்திகள் இதை அதிசயம் என்றன. உண்மையில், 1985இல் ஜப்பானில் ஹைட்ராலிக் இழப்பால் நேர்ந்த விபத்தைப் படித்த ஃபிட்ச், எஞ்சின்களை மட்டும் கொண்டு விமானத்தைச் செலுத்த முடியுமா என்று பாவனைக் கருவியில் (சிமுலேட்டரில்) முன்பே பழகிப் பார்த்திருந்தார். தலைமை விமானி ஆல் ஹேன்ஸும், பதவி பாராமல் விமானி அறையில் உள்ள அனைவரின் யோசனையையும் கேட்கப் பழக்கும் பயிற்சியே தங்களைக் காத்தது என்று பின்னாளில் பலமுறை சொன்னார்.

அந்தக் கேட்கும் பழக்கம் இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கு 1949 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து மான் கல்ச் பள்ளத்தாக்கில் நடந்ததைச் சொல்ல வேண்டும். காட்டுத்தீயை அணைக்கப் பாராசூட்டில் இறங்கிய குழுவைத் தீ மலைச்சரிவில் துரத்தியது. குழுத்தலைவர் வாக்னர் டாட்ஜ் ஓடுவதை நிறுத்தி, தீக்குச்சியைக் கிழித்து, தமக்கு முன்னாலிருந்த புல்லுக்குத் தாமே தீ வைத்தார். அது எரிந்து கரிந்த இடத்தில் பெருந்தீக்கு எரிக்க ஒன்றும் மிச்சமிருக்காது. அங்கே குப்புறப் படுத்துக்கொண்டால் பிழைக்கலாம் என்பது அவர் கணக்கு. கணக்கு சரியாகவே இருந்தது, அவர் பிழைத்தார். ஆனால் அவர் கத்திக் கையசைத்து அழைத்தும் யாரும் உள்ளே வரவில்லை. துரத்தும் தீயிலிருந்து தப்பத் தீ மூட்டும் தலைவரை அவர்களால் புரிந்துகொள்ள முடியவில்லை. ஓடியவர்களில் இருவர் மட்டுமே முகட்டைத் தாண்டினார்கள். 13 பேர் இறந்தார்கள். அந்த உத்தி இப்போது காட்டுத்தீ வீரர்களின் பயிற்சியில் இடம்பெற்றிருக்கிறது.

இந்த நிகழ்ச்சியைக் கலை ஆசிரியர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஒருவருடைய உடனடிக் கண்டுபிடிப்பு எவ்வளவு சரியாக இருந்தாலும், உடனிருப்பவர்கள் அதைப் படித்தறியப் பழகியிருக்காவிட்டால் பயனில்லை. பாடகர் எதிர்பாராத ஓர் எடுப்பில் ஸ்வரம் தொடங்கும்போது மிருதங்கக்காரர் அதை அந்தக் கணமே உணர்ந்து தன் நடையை மாற்றுகிறார். வயலின்காரர் ஆலாபனையின் ஒவ்வொரு சஞ்சாரத்தையும் நிழல்போல் தொடர்கிறார். பாடத்திட்டமோ மாணவரைத் தனியே உட்கார வைத்துப் பாடச்சொல்லித் தனியே மதிப்பிடுகிறது. கேட்டுப் பதில் சொல்லும் திறமைக்கு அதில் ஒரு மதிப்பெண்கூட இல்லை.

சமயோசிதத்தைக் கொண்டாடுவதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. சில வேலைகளில் அதற்கு இடமே இருக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறிமுகப்படுத்திய 19 அம்ச அறுவைச் சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலை எட்டு மருத்துவமனைகளில் பயன்படுத்திப் பார்த்தபோது, இறப்பு விகிதம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்ததாக 2009இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. கருவிகளை எண்ணுவதில் யாருடைய கற்பனையும் தேவையில்லை. அதேபோல, தேவையான பொருளும் ஆளும் தராமல் ஊழியர்களை எப்படியோ சமாளிக்க வைத்துவிட்டு, அவர்களுடைய சமயோசிதத்தை மேடையில் புகழும் நிர்வாகங்களும் உண்டு. அந்தப் புகழ்ச்சி பெரும்பாலும் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வழி. எங்கே விதியைப் பிடித்துக்கொள்வது, எங்கே விடுவது என்று அறிவதும் பயிற்சியால் வருவதே. விதிகளை மட்டுமே கற்றவருக்கு அந்த இடம் தெரியாது. விதிகளைக் கற்காதவருக்கும் தெரியாது.

இனி, நடைமுறைக்கு வருகிறேன். மதிப்பிட முடியாது என்பதுதான் உங்கள் தரப்பின் வழக்கமான மறுமொழி. நாடகத் துறை இதற்கு ஏற்கெனவே வழி கண்டிருக்கிறது. சிகாகோவில் குழந்தைகளோடு பணியாற்றிய வயோலா ஸ்போலின், மேடை அச்சத்தைப் பற்றிப் பேசாமல், ஒவ்வொரு பயிற்சியையும் தெளிவான விதியுள்ள விளையாட்டாக அமைத்தார். இல்லாத ஒரு பந்தை இருவர் வீசிப் பிடிக்க வேண்டும். அதன் கனமும் அளவும் இடையில் மாறக் கூடாது. கவனம் பந்தின் மேல் போய்விடுவதால் தன்னை யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பு குறைகிறது. பந்து ஒரே அளவில் இருந்ததா என்பதை எந்தத் தேர்வாளரும் சொல்லிவிட முடியும். 2008இல் சார்ல்ஸ் லிம்பும் ஆலன் பிரானும் ஆறு ஜாஸ் பியானோ கலைஞர்களின் மூளைச் செயல்பாட்டைப் படம்பிடித்தபோது, உடனடியாகப் புனைந்து வாசிக்கையில் தன்னைத்தானே கண்காணிப்பதோடு தொடர்புடைய முன்மூளைப் பகுதிகளின் செயல்பாடு குறைந்திருந்தது. ஆறு பேரை வைத்துப் பெரிய முடிவுக்கு வரக்கூடாதுதான். ஆயினும் மேடையில் நின்றவர் எவரும் இதை மறுக்க மாட்டார். மாணவரைத் தன்னைத்தானே கண்காணிக்கத் தூண்டும் தேர்வறை, இந்த ஆற்றலை அளக்கப் பொருத்தமான இடமாக இருக்க முடியாது.

எனவே மதிப்பீட்டைப் பருவம் முழுவதும் வகுப்பிலேயே நடத்துங்கள். இருவர் இருவராக மதிப்பிடுங்கள்: ஒருவர் தொடங்கியதை மற்றவர் எப்படிக் கேட்டு வளர்த்தார் என்பதற்கு மதிப்பெண் கொடுங்கள். கற்ற உருப்படியை நடுவில் நிறுத்தி, எடுப்பை மாற்றியோ காலத்தை மாற்றியோ தொடரச் சொல்லுங்கள். எல்லாவற்றையும்விட, பிசகிய பின் மாணவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். 1960இல் பெர்லின் அரங்கில் ‘மாக் தி நைஃப்’ பாடிக்கொண்டிருந்த ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு இடையில் வரிகள் மறந்துவிட்டன. நிறுத்தாமல், தாளம் தப்பாமல், வரி மறந்துபோனதையே வரியாக்கிப் பாடி, இன்னொரு ஜாஸ் கலைஞரான லூயி ஆம்ஸ்ட்ராங்கின் குரலையும் போலி செய்து பாட்டை முடித்தார். அந்தப் பதிவுக்குக் கிராமி விருது கிடைத்தது. இன்றைய மதிப்பெண் தாளில் அதற்கு ‘சாகித்யம் மறந்தார்’ என்று எழுதிக் கழிக்க மட்டுமே கட்டம் இருக்கிறது. மறந்த பிறகு நடந்ததை எழுத ஒரு கட்டம் சேர்க்கக் கேட்கிறேன்.

ஆசிரியர்களைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். ஒப்பிக்கும் தேர்வுகளில் தேறி வந்தவர்களே இன்று ஆசிரியர்களாக இருப்பதால், மாணவர் முன்னிலையில் தயாரிக்காத ஒன்றை முயன்று பார்க்க அவர்களில் பலர் தயங்குகிறார்கள். இந்தப் பகுதியைப் பாடத்திட்டத்தில் சேர்க்கும் முன், ஆசிரியர் பயிற்சியில் ஓராண்டேனும் அதைச் சேருங்கள். அந்த ஆண்டில் அவர்களுக்கு மதிப்பெண் வேண்டாம். தேர்வுத் தாளில் செய்யும் மாற்றம் அதன் பின் வரட்டும். அடுத்த திருத்தக் கூட்டத்தில் இதை விவாதத்துக்கு எடுத்துக்கொள்வீர்களா, எடுத்துக்கொள்ளாவிட்டால் என்ன காரணத்தால் என்பதைப் பொதுவில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கலைக்கல்வியில் அக்கறையுள்ள ஓர் ஆசிரியர்